பிஸ்கெட்டுக்குப் பூ கேட்ட கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் இழுத்துவிட்டேன். எழுதுவதற்கென்றே இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்றில் மளிகைச் சாமான் பட்டியல் ஏறிக்கொண்டது. இன்னொன்று அப்படியே பீரோவில் கிடந்தது. நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்சனில் முப்பது வருஷமாக இருக்கிறேன். நான் எழுதிப் பழகியதெல்லாம் அட்டைப்பெட்டி மேல் மார்க்கர் பேனாவில் எழுதும் நம்பர்தான்.

ஆனால் படிப்பு குறைவு என்பது மட்டும் காரணமில்லை. சாமியிடம் போய் பிஸ்கெட்டுக்குப் பூ கேட்டவன் என்று ஊரில் பேர் வந்துவிடுமே என்ற கூச்சம்தான் பெரிசு. இப்போது நானாகச் சொல்லாமலே அந்தக் கதை வெளியே போய்விட்டது. போனதோடு வளர்ந்தும்விட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். முருகன் துணை.

என் வீட்டுக்காரம்மா ஓவர்லாக் டெய்லர், பனியன் துணி ஓரங்களைச் சேர்த்துத் தைப்பவர். ராயபுரத்தில் நாங்கள் குடிவந்த நாள் முதலாக, இருபது வருஷத்துக்கு மேல் அந்த மிஷினில் உட்கார்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு நூல் கோப்பேன் என்று வேடிக்கையாகச் சொல்வார். ஒரு வருஷம் கண்ணைத் திறந்துகொண்டும் கோக்க முடியவில்லை. முதலில் நூல் சரியில்லை என்றார். பிறகு டியூப்லைட் சரியில்லை என்றார். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் தீபாராதனை முடிந்து வெளியே வந்ததும், "ஏனுங்க, எனக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரீது. சாமி மொகம் தெரீலீங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். என் முகமும் சரியாகத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். ஆபரேஷன் செய்தால் நன்றாகத் தெரியும், ஆனால் சர்க்கரை இவ்வளவு ஏறிக் கிடக்கும்போது கத்தி வைக்க மாட்டோம் என்றார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பாட்டைக் குறையுங்கள், நடங்கள், இருபது நாள் கழித்து வாருங்கள், சர்க்கரை இறங்கியிருந்தால் தேதி கொடுக்கிறோம் என்றார்கள். எல்லாம் அந்த ஒரு விஷயத்தில் வந்து நின்றது. சர்க்கரை இறங்கினால் கண். இறங்காவிட்டால் இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் வெங்காயம் அரியும்போது விரலையும் சேர்த்து அரிந்திருந்தார். அதனால் அரிவாள்மணையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் ஸ்டூல் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உத்தரவு போட்டார். "கடுகு வெடிச்சுப் போச்சு, இன்னும் அங்க என்ன வேடிக்கை பாக்கறீங்க" என்பார். கண் மங்கினாலும் காது நன்றாக இருந்தது.

அரிசியை நான் பாதியாகக் குறைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காப்பியில் சர்க்கரையை நிறுத்தினேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. டீ நேரத்துப் பிஸ்கெட்டில் கை வைத்தபோதுதான் சண்டை வந்தது. கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியும். பதினொரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ. அந்த நேரம் வந்தால் கை தானாக ஒரு வடையையோ பிஸ்கெட்டையோ தேடும். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாலும் அவருக்கு அந்த மணி தவறவில்லை.

"வேற எதை வேணா எடுத்துக்கங்க. எனக்கு டீக்கு ஒரு கடி வேணும். அதுகூட இல்லாம கண்ணு தெரிஞ்சு நான் எதைப் பாக்கப் போறேன்" என்றார்.

சரி, சாப்பிடக்கூடிய பிஸ்கெட்டாகத் தேடுவோம் என்று கிளம்பினேன். எங்கள் வீதி மளிகைக் கடை பாய் வீட்டுக்குப் பழக்கமானவர். அவர் கடையில் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். அங்கே சத்துக் கணக்கு கட்டம் போட்டு அச்சடித்திருப்பார்கள். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் நம்பர் என் தொழில்.

"அண்ணே, எல்லாரும் வெலையப் பாப்பாங்க, நீங்க முதுகப் பாக்கறீங்க" என்றார் பாய்.

சிறுதானிய பிஸ்கெட் என்று ஒன்று இருந்தது. முன்பக்கம் கம்பங்கதிர் படம். பின்பக்கம் சர்க்கரை ஐந்து கிராம், மாவுச்சத்து பதினேழு கிராம். பாக்கெட்டோ நூற்றைம்பது கிராம். அதில் வெறும் ஐந்து கிராம் சர்க்கரை என்றால் ஒரு டீஸ்பூன். பாக்கெட் முழுவதையும் சாப்பிட்டாலும் ஒரு டீஸ்பூன்தானே என்று கணக்குப் போட்டேன். எனக்கு அந்தக் கடையிலேயே கும்பிடத் தோன்றியது.

நான் ஏன் அப்படிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பேக்கிங் செக்சனில் பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். சின்ன சைஸ் பன்னிரண்டு, நடு சைஸ் இருபத்திநாலு, பெரிய சைஸ் இருபத்திநாலு, ஆக அறுபது பீஸ். பெட்டிக்கு வெளியே என்ன நம்பர் இருக்கிறதோ அது உள்ளே இருக்கும் மொத்தச் சரக்குக்கும். முப்பது வருஷத்தில் பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியதாக நான் பார்த்ததே இல்லை. பாக்கெட்டில் அந்தக் கட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் நம்பரைப் பார்த்தேன். வரியைப் பார்க்கவில்லை.

ஆனாலும் மனசுக்குள் ஒரு சந்தேகம். இவ்வளவு ருசியாக இருப்பது இவ்வளவு நல்லதாக இருக்குமா என்று. எங்களுக்குச் சந்தேகம் வந்தால் பூ கேட்போம். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து சாமி பாதத்தில் வைத்து, மனசில் நினைத்துக்கொண்டு, யாராவது ஒருவரை ஒரு மடிப்பை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

எங்கள் முருகன் கோயிலுக்குப் போனேன். பூசாரி, "என்ன காரியங்க, பொண்ணு பாக்கறதா, காடு தோட்டம் வாங்கறதா?" என்று கேட்டார்.

"ஒரு நல்ல காரியமுங்க" என்றேன். பொய் இல்லை, ஆனால் முழுவதும் சொல்லவில்லை.

கும்பிட வந்திருந்த ஒரு அம்மா ஒரு மடிப்பை எடுத்தார். வெள்ளை. நான் மனசில் கேட்டது இதுதான்: முருகா, இந்தப் பாக்கெட்டில் அச்சுப் போட்டிருப்பதை நம்பலாமா? இந்தக் கேள்வியை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கிறது.

அன்று முதல் தினமும் ஒரு பாக்கெட். பதினொரு மணிக்கு ஒன்பது பிஸ்கெட், நாலு மணிக்கு ஒன்பது. கம்பெனி இரண்டு வீதி தள்ளித்தான், டீ டைமுக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். சோறு குறைந்த வயிறு அல்லவா, நன்றாகத்தான் இறங்கியது. அவர் நாலு எடுத்துக்கொண்டு போதும் என்றாலும் நான் விடுவதில்லை. "சாப்பிடு அம்மிணி, சாமியே சரின்னு சொல்லியாச்சு" என்பேன். நானே தட்டில் எண்ணி வைப்பேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இருபதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலையிலேயே ரத்தம் எடுத்தார்கள். சீட்டைப் பார்த்த நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, கொறைக்கச் சொன்னா கூட்டிட்டு வந்திருக்கறீங்க?"

"சோறு பாதியாக்கியாச்சுங்களே. இனிப்பு தொடறதே இல்லீங்க" என்றேன்.

"சீட்டு அப்படிச் சொல்லலைங்க. இப்படி இருந்தா டாக்டர் தேதி குடுக்க மாட்டாருங்க. இன்னும் ஒரு மாசம் பாருங்க."

பஸ்ஸில் வீட்டுக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வெளியே அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? கலர் கலராகப் புகைதான் தெரிந்திருக்கும். நான் மனசுக்குள் முருகனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். வெள்ளைப் பூவைக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க, அந்தப் பிஸ்கெட் இனிக்குதுங்க."

"இனிக்கத்தான் செய்யும். அஞ்சு கிராம் இருக்குதில்ல."

"பாக்கெட்டுக்கு ஒரு ஸ்பூனுன்னா பதினெட்டு பிஸ்கெட்டுக்கும் சேத்து ஒரு ஸ்பூன். ஒரு பிஸ்கெட்டுக்கு என்ன வரும், ஒரு சிட்டிகைகூட வராது. எம் நாக்கு அவ்வளவு மோசம் போகலீங்க."

"அச்சுல போட்டிருக்குது அம்மிணி. சாமியும் வெள்ள குடுத்துச்சு."

"அப்ப அந்தப் பாக்கெட்டக் கொண்டுபோயி சிவன்மலை உத்தரவுப் பெட்டியில வெச்சுட்டு வாங்க" என்றார்.

சிவன்மலை முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. யார் கனவிலாவது ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொன்னால், பூ கேட்டுப் பார்த்து அந்தப் பொருளை அதில் வைப்பார்கள். அதில் பிஸ்கெட் பாக்கெட் இருப்பதை நினைத்தேன். கோபத்தில் இருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கண் போய்க்கொண்டிருப்பது அவருக்கல்லவா.

மறுநாள் அந்தப் பாக்கெட்டைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். நான் சொல்வதுதான் சரி என்று யாராவது சொல்ல வேண்டும் என்ற எண்ணம். டீ டைமில் துணி செக்கிங்கில் இருக்கும் நண்பரிடம் காட்டினேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அப்போது அவர் ஜிஎஸ்எம் பார்த்துக்கொண்டிருந்தார். துணி எவ்வளவு கனம் என்று பார்ப்பது அது. வட்டமான கட்டரை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உள்ளங்கை அளவு துணி வரும். அதைச் சின்னத் தராசில் வைத்து, வந்த எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை.

பாக்கெட்டை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"எண்ணே, மேல இருக்க வரியப் படிச்சியளா?"

"எந்த வரி?"

"இது மொத்தப் பாக்கெட்டுக்கு இல்லண்ணே. ஒரு தடவை சாப்பிடுத அளவுக்கு. இருபத்தஞ்சு கிராமுக்குன்னு போட்டிருக்கான்."

ஒரு பிஸ்கெட்டை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். எட்டு கிராமும் கொஞ்சமும் காட்டியது. இன்னும் இரண்டு வைத்தார். இருபத்தைந்து. "இந்தா, இந்த மூணுக்குத்தான் உங்க அஞ்சு கிராம். மதினிக்கு தெனம் எத்தன குடுத்திய?"

"பதினெட்டு" என்றேன்.

அவர் பெருக்கிச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர். நானே பெருக்கினேன். ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அதோடு நூறு கிராமுக்கு மேல் மாவுச்சத்து. பாதிச் சோற்றை ஒரு வாசலில் வெளியே அனுப்பிவிட்டு, அதற்கு மேலேயே இன்னொரு வாசலில் உள்ளே விட்டிருக்கிறேன்.

"நீங்க இதப் பெட்டி ஸ்டிக்கர் மாதிரி படிச்சிருக்கிய. இது ஜிஎஸ்எம் மாதிரிண்ணே. துண்டுக்குச் சொல்லுதான், மொத்தத்த நாமதான் பெருக்கணும்" என்றார். சொல்லிவிட்டு அந்த மூன்று பிஸ்கெட்டையும் டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் நேராகக் கோயிலுக்குப் போனேன். சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அச்சை நம்பலாமா என்று கேட்டேன், நம்பலாம் என்றார். அச்சு சரியாகத்தான் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியுமா என்று நான் அவரைக் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் சிவப்புத்தான் வந்திருக்கும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "அப்ப எம் நாக்கு ஜெயிச்சுருச்சு" என்றார். பிறகு, "மாசம் ஒண்ணு இருக்குதில்லீங்க, பாத்துக்கலாம்" என்றார். நான் சமையலறைக்குப் போய் அடுப்பைத் துடைப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு பாய் கடையில் எனக்குப் பின்னால் வரிசை நிற்க ஆரம்பித்தது. கட்டத்துக்கு மேல் இருக்கும் வரியை முதலில் படித்தேன். ஒருவன் இருபத்தைந்து கிராமுக்குச் சொல்கிறான், ஒருவன் முப்பதுக்கு, ஒருவன் நூறுக்கு. எல்லாவற்றையும் நூறு கிராமுக்கு மாற்றிப் பார்த்தால்தான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியும். வீட்டுக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினேன். இன்னொன்றும் கவனித்தேன். பாக்கெட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று போட்டிருப்பார்களே, பிஸ்கெட்டில் அது ஒரு பத்தி நீளம். முதலாவதாகக் கோதுமை மாவு, இரண்டாவது சர்க்கரை, கம்பு எங்கேயோ கடைசிக்குப் பக்கத்தில். அதிகமாக இருப்பதை முதலில் போடுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கொள்ளுப் பாக்கெட்டைத் திருப்பினேன். கொள்ளு என்று ஒரே சொல். பச்சைப்பயறு, ஒரே சொல். கடலை, ஒரே சொல். படிப்பதற்கும் சுலபம், சமைப்பதற்கும் சுலபம்.

"படிச்சு முடிச்சுட்டீங்களாண்ணே? லைப்ரரி மூடற நேரமாச்சு" என்பார் பாய்.

வீட்டுக்காரம்மாவுக்குப் பிறந்த ஊர் குன்னத்தூர். அங்கிருந்து அவர் தம்பி கொள்ளு கொண்டுவந்து போடுவார். அந்தச் சாக்குக்கு முதுகில் கட்டம் ஏது? கடையில் கொள்ளு, பருப்பு, அரிசிப் பாக்கெட்டுகளில் இருந்ததை ஒரு தாளில் எழுதி மாவு டப்பாவில் ஒட்டிக்கொண்டேன். கொள்ளை வறுத்து, வேகவைத்து, சீரகம், பூண்டு, வரமிளகாயோடு கடைந்தேன். வடித்த தண்ணீரில் ரசம் வைத்தேன். இரண்டு நாளில் அது பிடிபட்டது.

பிடிபடாதது அரிசியும்பருப்புச் சோறு. எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் வாரம் போகாது. வழக்கமாக மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. தாளைப் பார்த்தேன், பருப்பில் புரதமும் நார்ச்சத்தும் அரிசியைவிட எத்தனையோ பங்கு அதிகம். அப்படியே திருப்பிப் போட்டுவிட்டேன், மூன்று பங்கு பருப்பு, ஒரு பங்கு அரிசி. குக்கரைத் திறந்தால் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

அவர் ஒரு வாய் வைத்தார். "காலருக்கு கேன்வாஸ் ஒட்டற பசைக்கு ஆகுங்க" என்றார். "ரெண்டுத்தையும் சரிக்குச் சரி போடுங்க. சுரைக்காய அரிஞ்சு போடுங்க. தண்ணி ஒரு டம்ளர் சேத்து விடுங்க. படிச்சா மட்டும் போதுமா, பக்குவம் வேண்டாமா?"

சரிக்குச் சரி போட்டேன். நன்றாக வந்தது. ஊத்துக்குளி வெண்ணெய் இல்லாமல் அது இறங்காது என்று அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தராசில் ஐந்து கிராம் நிறுத்து வைத்தேன். "தங்கமா நிறுக்கறீங்க?" என்றார். டீக்கு என்ன என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. பச்சைப்பயறை முளைகட்டி, வேகவைத்து, கடுகு தாளித்து, பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம். நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வறுகடலை. முதல் வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் சாப்பிட்டார். மூன்றாவது வாரம் பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் தாமதமானால், "இன்னிக்கு டீ டைம் கிடையாதுங்களா?" என்று கேட்டார். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. சாயங்காலம் பொழுதோடு இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வரைக்கும் நடப்போம். வயதான காலத்தில் கை கோத்துக்கொண்டு போகிறார்கள் பார் என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். கையை விட்டால் அவர் சாக்கடையில் கால் வைத்துவிடுவார் என்று யாருக்கும் நாங்கள் விளக்கவில்லை.

ஒரு மாசம் கழித்து நர்ஸம்மா சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. "தேதி எழுதிக்கங்கண்ணா" என்றார்.

முதலில் வலது கண். கட்டுப் பிரித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். உள்ளே வந்ததும் நேராகச் சாமி மாடத்துக்குப் போனார். கும்பிட்டு நிமிர்ந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிஸ்கெட் பாக்கெட்டின் காலி உறையை மடித்து வைத்திருந்தேன். தினமும் கும்பிடும்போது என் புத்திக்கு ஞாபகம் வரட்டும் என்று வைத்தது. அவருக்கு அது தெரியாது.

உறையை எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குப் போய், இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, திருப்பிப் பிடித்தார். அவரும் என்னைப்போல் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்தான். கட்டத்துக்கு மேலே இருந்த அந்தப் பொடி வரியை விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக, இருபத்தைந்து கிராம் என்று முடிகிற வரைக்கும் படித்தார். எனக்கு அது பாராயணம் கேட்டதுபோல் இருந்தது.

"ஏனுங்க, இவ்வளவு பெருசா எழுதியிருக்கறாங்க. இதுங்களா உங்களுக்குத் தெரீல?"

"எனக்கும் அப்பப் புரை இருந்துச்சு அம்மிணி" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை தீபாராதனையில் அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், "சாமிக்குச் சந்தனத்த ஒரு பக்கமாச் சாத்தியிருக்கறாங்க. நாளைக்குப் பூசாரிகிட்டச் சொல்லோணும்" என்றார். இரண்டாவது கண்ணும் முடிந்து, இப்போது வீட்டிலேயே ஒரு ஓவர்லாக் மிஷின் போட்டு அரை நாள் தைக்கிறார். நூல் கோக்க என்னைக் கூப்பிடுவதில்லை.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் வீதியில் இப்போது சுற்றும் கதையே வேறு. முருகன் என் கனவில் வந்து கொள்ளு தின்னச் சொன்னார் என்கிறார்கள். கொள்ளு ரசத்தில் புரை கரைந்துவிட்டது என்று நம்பி ஒரு அம்மா தன் மாமியாருக்கு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். பிஸ்கெட்காரன் ஏமாற்றினான் என்று இன்னொருவர் சொல்கிறார். ஒருவரும் ஏமாற்றவில்லை. கண்ணைச் சரிசெய்தது டாக்டர். சர்க்கரையை இறக்கியது மாத்திரையும் நடையும் சாப்பாடும். பாக்கெட்டில் உண்மைதான் அச்சடித்திருந்தது. தப்பாகப் படித்தவன் நான். அப்படி இருந்தும் கைவிடாதவர் முருகன்.

ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்ததால் வந்த கஷ்டம் இது. அதனால் ஒரு வேண்டுகோள். சர்க்கரைக்காரர் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பூ கேட்டதை எடுத்துவிட வேண்டாம், பூவை மட்டும் சொல்லவும் வேண்டாம். பதினெட்டைப் பத்து என்று குறைத்து என் மானத்தைக் காப்பாற்றவும் வேண்டாம். இருக்கிற வரி இருக்கிறபடியே அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும்.